திராட்சை, பூசணி, மிளகாய், உளுந்து சாம்பல் நோய்: எந்தப் பெயரை எழுதுவது, மைக்ரோஸ்கோப்பில் எப்படிப் பிரிப்பது?

இலைநரம்பு (கேள்வி)

வணக்கம். வேளாண் பட்டப்படிப்புக்கான நோய் மாதிரித் தொகுப்புக்காகச் சாம்பல் நோய் இலைகளைச் சேர்த்திருக்கிறேன்: திராட்சை, பூசணி, மிளகாய், உளுந்து, மல்பெரி. லேபிளில் பூசணத்தின் அறிவியல் பெயரும் அதன் வகைப்பாடும் எழுத வேண்டும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

நூலகத்தில் உள்ள பழைய பாடநூலில் திராட்சைக்கு அன்சினுலா நெகேட்டர், பூசணிக்கு ஸ்பெரோதீக்கா ஃபுலிஜினியா, உளுந்துக்கு எரிசிஃபே பாலிகோனி என்று இருக்கிறது. புதிய கட்டுரைகளில் எரிசிஃபே நெகேட்டர், பொடோஸ்பியரா சாந்தியை என்கிறார்கள். வேறு சில இடங்களில் எல்லாமே ஓயிடியம்.

1. பெயர்கள் ஏன் இப்படி மாறின? எது இன்று செல்லும்?
2. என் மாதிரிகள் எதிலும் கறுப்புக் கனியுடல் (பாலின நிலையில் உருவாகும் சிறு உருண்டை) கிடைக்கவில்லை, வெள்ளைப் பொடி மட்டும்தான். மாணவர் மைக்ரோஸ்கோப்பை (10, 40 லென்ஸ்) வைத்துப் பேரினம் வரையாவது சொல்ல முடியுமா?
3. வெள்ளரியில் வரும் அடிச்சாம்பல் நோயும் இதே குடும்பமா? துரு நோய் எங்கே வரும்?

பூசணவியல்

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். மைக்ரோஸ்கோப் வேலையை இங்கே வேறு நண்பர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

சாம்பல் நோய்ப் பூசணங்கள் எல்லாமே எரிசிஃபேசியே என்ற ஒரே குடும்பம். தொகுதி ஆஸ்கோமைக்கோட்டா, வகுப்பு லியோஷியோமைசீட்ஸ். பழைய நூல்களில் பைரினோமைசீட்ஸ் அல்லது பிளெக்டோமைசீட்ஸ் என்று இருந்தால் அதை எடுத்து எழுத வேண்டாம். துறை எரிசிஃபேல்ஸ் என்று எழுதலாம். ஆனால் பல மரபணுக்களை ஒன்றாக வைத்து அண்மையில் வரைந்த மரபுவழி மரங்களில் இந்தக் குடும்பம் ஹெலோஷியேல்ஸ் என்ற பெரிய துறைக்கு உள்ளேதான் விழுகிறது. அதனால் சிலர் அந்தத் துறையின் ஒரு குடும்பமாகவே இதை வைக்கிறார்கள். இரண்டையும் நூல்களில் பார்ப்பீர்கள். லேபிளுக்குக் குடும்பப் பெயர் போதும், அதில் தகராறு இல்லை.

இனி பேரினங்கள். 1851இல் லெவெய்யே வகுத்த முறைதான் ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆட்சி செய்தது. கறுப்பு உருண்டையான கனியுடலை உடைத்து உள்ளே ஒரு ஆஸ்கஸா (பாலின வித்துகள் இருக்கும் பை), பல ஆஸ்கஸ்களா என்று எண்ணுவார்கள். அடுத்து, உருண்டையைச் சுற்றியுள்ள நீட்சிகளின் நுனியைப் பார்ப்பார்கள். பல ஆஸ்கஸ், சாதாரண இழை போன்ற நீட்சி என்றால் எரிசிஃபே. பல ஆஸ்கஸ், நுனி கொக்கியாகச் சுருண்டால் அன்சினுலா. பல ஆஸ்கஸ், நுனி இரண்டிரண்டாகக் கிளைத்தால் மைக்ரோஸ்பெரா. ஒரே ஆஸ்கஸ், இழை நீட்சி என்றால் ஸ்பெரோதீக்கா. ஒரே ஆஸ்கஸ், கிளைத்த நுனி என்றால் பொடோஸ்பியரா. நீட்சியின் அடியில் குமிழும் மேலே ஊசியும் இருந்தால் ஃபில்லாக்டினியா. படிக்கவும் தேர்வில் எழுதவும் மிக வசதியான அட்டவணை.

1999, 2000 வாக்கில் ரைபோசோம் டிஎன்ஏ வரிசைகளை ஒப்பிட்டபோது இந்த அட்டவணை உறவைக் காட்டவில்லை என்று தெரிந்தது. நீட்சியின் வடிவம் வாழ்க்கை முறையோடு போகிறது. இலை உதிர்க்கும் மரங்களில் கனியுடல் இலையிலிருந்து கழன்று பட்டையில் ஒட்டிக் குளிர்காலத்தைக் கடக்க வேண்டும். கொக்கியும் கிளையும் அதற்கு உதவுகின்றன. சிறு செடிகளுக்குத் தாவிய கிளைகளில் நீட்சி வெறும் இழையாக எளிமையடைந்தது. இது ஒரு முறை அல்ல, தனித்தனியாகப் பல முறை நடந்திருக்கிறது. ஆகவே 'இழை நீட்சி கொண்டவை எல்லாம் எரிசிஃபே' என்ற கூட்டம் ஒரே மூதாதையரிடமிருந்து வந்த கூட்டமே அல்ல.

டிஎன்ஏ மரத்தோடு நன்றாகப் பொருந்தியது வேறொன்று: பாலிலா நிலை, அதாவது நீங்கள் பார்க்கும் அந்த வெள்ளைப் பொடி. கொனிடியா (பாலிலா வித்துகள்) சங்கிலியாக வருகிறதா, தனித்தனியாகவா, உள்ளே ஃபைப்ரோசின் என்னும் ஒளி தெறிக்கும் துகள் இருக்கிறதா, முளைக்குழாய் எங்கிருந்து கிளம்புகிறது என்ற பண்புகள்தாம். இதன்படி:

- அன்சினுலாவும் மைக்ரோஸ்பெராவும் எரிசிஃபேயில் சேர்ந்தன. (கொனிடியா தனித்தனியாக முதிரும்.)
- ஸ்பெரோதீக்கா பொடோஸ்பியராவில் சேர்ந்தது. (சங்கிலி, ஃபைப்ரோசின் உண்டு.)
- பழைய எரிசிஃபேயில் சங்கிலிக் கொனிடியா கொண்டவை கோலோவினோமைசஸ், நியோஎரிசிஃபே என்று பிரிந்தன. (சங்கிலி, ஃபைப்ரோசின் இல்லை.)
- புல், கோதுமை, பார்லியில் வருவது புளுமேரியா. லெவெய்லுலாவும் ஃபில்லாக்டினியாவும் அப்படியே நிற்கின்றன.

திராட்சைப் பூசணத்துக்கு ஷ்வைனிட்ஸ் 1834இல் வைத்த முதல் பெயரே எரிசிஃபே நெகேட்டர்தான். 1892இல் அன்சினுலாவுக்குப் போய், இப்போது முதல் பெயருக்கே திரும்பியிருக்கிறது.

ஓயிடியம் என்பது பாலிலா நிலைக்குத் தனியாக வைத்த பெயர். ஒரே பூசணத்துக்குப் பாலிலா நிலையில் ஒரு பெயர், பாலின நிலையில் இன்னொரு பெயர் என்ற ஏற்பாட்டை 2011இல் மெல்போர்ன் மாநாட்டில் பெயரிடல் விதியிலிருந்து நீக்கிவிட்டார்கள். இப்போது ஒரு பூசணத்துக்கு ஒரு பெயர்தான். நெல் குலைநோய்ப் பூசணத்தை மேக்னபோர்தே என்பதை விட்டுப் பைரிகுலேரியா ஒரைசே என்று எழுதச் சொல்வதும் இதே விதியின் விளைவு. இன்றைக்கு இந்தக் குடும்பத்துக்கு அடிப்படை நூல் 2012இல் பிரவுன், குக் இருவரும் வெளியிட்ட கையேடு. ஏறத்தாழ 900 சிற்றினங்கள் அதில் உள்ளன. கல்லூரி நூலகத்தில் வாங்கச் சொல்லுங்கள்.

கண்ணாடித்தகடு

கனியுடல் இல்லை என்று கவலைப்பட வேண்டாம். நம் வெப்பத்தில் இந்தப் பூசணங்கள் பெரும்பாலும் கொனிடியாவாகவே ஆண்டு முழுவதும் ஓடிவிடும். தவிர, எரிசிஃபே நெகேட்டர், பொடோஸ்பியரா சாந்தியை இரண்டுக்கும் எதிரெதிர் இணைவகைகள் சந்தித்தால்தான் கனியுடல் உருவாகும். ஒரே வகை பரவிய தோட்டத்தில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. பேரினம் சொல்லக் கொனிடியா போதும். ஆனால் மாதிரி புதிதாக இருக்க வேண்டும்.

காலையில் இளம் வெள்ளைப் புள்ளி உள்ள இலையைப் பறித்துக் காகித உறையில் போட்டு அன்றே பாருங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் கோத்துக்கொண்டால் கொனிடியா உப்பி உடையும். பழுத்துச் சாம்பல் நிறமான திட்டுகளை எடுக்காதீர்கள். அங்கே ஆம்பெலோமைசஸ் என்ற ஒட்டுண்ணிப் பூசணம் சாம்பல் பூசணத்துக்குள்ளேயே குடியேறியிருக்கும். அதன் பழுப்பு நிறக் குப்பி போன்ற உடல்களைப் பார்த்துக் கனியுடல் கிடைத்துவிட்டது என்று எழுதுபவர்கள் நிறையப் பேர்.

100 மி.லி. நீரில் 3 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைத்து வைத்துக்கொள்ளுங்கள் (கையுறை போடுங்கள், கண்ணில் படக்கூடாது). தெளிவான ஒட்டுநாடாத் துண்டைத் திட்டின் மேல் மெதுவாக ஒற்றி எடுங்கள். அழுத்தித் தேய்த்தால் சங்கிலி உதிர்ந்துவிடும். பிறகு சங்கிலியா தனியா என்று சொல்லவே முடியாது. ஸ்லைடில் ஒரு சொட்டுக் கரைசல் விட்டு, ஒட்டும் பக்கம் கீழே இருக்கும்படி நாடாவை வைத்து உடனே 40 லென்ஸில் பாருங்கள். டயாஃப்ரத்தைக் குறைத்து வெளிச்சத்தை அடக்குங்கள். ஃபைப்ரோசின் இருந்தால் கொனிடியாவுக்குள் ஒளியைத் தெறிக்கும் சிறு குச்சி, கூம்பு வடிவத் துண்டுகளாகத் தெரியும். வட்டமான எண்ணெய்த் துளிகளும் வெற்றிடங்களும் ஃபைப்ரோசின் அல்ல. லாக்டோஃபீனால் காட்டன் புளூவை இந்தக் கட்டத்தில் தொடாதீர்கள். சாயம் ஏறினால் துகள்கள் மறைந்துவிடும். உலர்ந்த ஹெர்பேரியம் இலையிலும் அவற்றை நம்பிப் பார்க்க முடியாது.

இனி பிரிக்கும் விதம். கொனிடியா தனித்தனியாக, உருளை வடிவில் இருந்து, இழையில் உள்ள ஒட்டுறுப்பு மடல் மடலாகப் பிளந்திருந்தால் எரிசிஃபே. உங்கள் திராட்சை இப்படித்தான் இருக்க வேண்டும். சங்கிலி, ஃபைப்ரோசின், சங்கிலியின் ஓரம் பிறைபிறையாக வெட்டுப்பட்டது போல் இருந்தால் பொடோஸ்பியரா. சங்கிலி இருக்கிறது, ஃபைப்ரோசின் இல்லை, ஓரம் மெல்லிய அலையாகப் போகிறது என்றால் கோலோவினோமைசஸ். கொனிடியத்தைத் தாங்கும் காம்பின் அடிச்செல் குமிழாக வீங்கியிருந்தால் புளுமேரியா. அது புல் குடும்பத்தில் மட்டும்.

மிளகாய் தனி வகை. அதில் பொடி இலையின் அடிப்புறம், மேற்புறம் மஞ்சள் திட்டு. லெவெய்லுலா டாரிகாவின் இழைகள் இலைக்கு உள்ளே வளர்ந்து, காம்புகள் இலைத்துளை வழியாக வெளியே வரும். அதன் முதல் கொனிடியம் ஈட்டி முனை போலக் கூராக, பொதுவாக 50 முதல் 80 மைக்ரான் நீளம். பின்னால் வருபவை உருளையாக இருக்கும். ஒரே காம்பில் இரண்டு வடிவக் கொனிடியா கண்ணில் பட்டால் வேறு சந்தேகமே வேண்டாம். மல்பெரியின் ஃபில்லாக்டினியாவும் அடிப்புறத்தில்தான் வரும். அதன் இழையில் பெரும்பகுதி வெளியே இருக்கும். கொனிடியா தனித்தனி, பெரியவை, கதாயுதம் போல் மேல்முனை பருத்தவை.

அளவு எடுக்கும்போது குறைந்தது 30 கொனிடியாவை அளந்து, மிகச் சிறியது, மிகப் பெரியது, சராசரி மூன்றையும் எழுதுங்கள். கண்ணருகு அளவுகோலை மேடை அளவுகோலோடு ஒப்பிட்டு 40 லென்ஸுக்கு ஒரு பிரிவு எத்தனை மைக்ரான் என்று முதலில் கணக்கிட வேண்டும். 10 லென்ஸில் கணக்கிட்ட எண்ணை 40 லென்ஸில் பயன்படுத்தினால் எல்லா அளவும் நான்கு மடங்காகப் பிழைத்துவிடும்.

இலைநரம்பு

மிக்க நன்றி ஐயா. பூசணியில் சங்கிலி தெளிவாகத் தெரிகிறது. ஆனால் துகள் இருக்கிறதா இல்லையா என்று நண்பர்களுக்குள் வாக்குவாதம். இதற்கு வேறு சோதனை உண்டா? இன்னொன்று: உளுந்து இலைத் துண்டை பிடிஏ (உருளைக்கிழங்கு-டெக்ஸ்ட்ரோஸ் அகார் ஊடகம்) தட்டில் வைத்தோம், மூன்றாம் நாளே வெள்ளையாக வளர்ந்திருக்கிறது. அதிலிருந்து டிஎன்ஏ எடுக்கலாமா?

கண்ணாடித்தகடு

தட்டில் வளர்ந்தது சாம்பல் நோய்ப் பூசணம் அல்ல. தூக்கிப் போடுங்கள். எரிசிஃபேசியே முழுவதும் உயிருள்ள மேல்தோல் செல்லுக்குள் உறிஞ்சுறுப்பைச் செலுத்தித்தான் பிழைக்கும். செயற்கை ஊடகத்தில் வளராது. 2010இல் பார்லி சாம்பல் பூசணத்தின் மரபணுத்தொகுதியைப் படித்தபோது காரணம் தெளிவானது: தொகுதி சுமார் 120 மெகாபேஸ் வரை வீங்கியிருக்கிறது, பெரும்பகுதி தாவும் மரபணுத் துண்டுகள், அதே நேரத்தில் நைட்ரேட்டைப் பயன்படுத்துவது போன்ற அடிப்படை வேலைகளுக்கான மரபணுக்களையே இழந்துவிட்டது. உங்கள் தட்டில் இருப்பது இலை மேல் ஒட்டியிருந்த ஏதாவது ஒரு சாதாரணப் பூசணம்.

பூசணியின் வாக்குவாதத்தைத் தீர்க்க முளைக்குழாய் பாருங்கள். ஜப்பானின் ஹிராட்டா வளர்த்தெடுத்த வழி இது, செலவே இல்லை. வெங்காயச் செதிலின் உட்புறத்து மெல்லிய தோலை உரித்து 70% ஆல்கஹாலில் ஒரு வாரம் போட்டு வையுங்கள். பிறகு நீரில் பலமுறை அலசி, பெட்ரித் தட்டில் உள்ள நீரின் மேல் மிதக்க விடுங்கள். மேற்புறம் நனையக் கூடாது. இலையை மேலே பிடித்துத் தட்டிக் கொனிடியாவைத் தூவுங்கள். 20 முதல் 22 டிகிரியில் 24 மணி நேரம். நீருக்குள்ளேயே போட்டால் முளைக்காது. இந்தக் கொனிடியாவுக்குள்ளேயே நீர் நிறைய இருப்பதால் ஈரக்காற்று போதும், நீர்த்துளி கெடுதல்.

பக்கவாட்டிலிருந்து குட்டையான குழாய் கிளம்பி, சில இடங்களில் முள்கரண்டி போல் இரண்டாகப் பிரிந்தால் பொடோஸ்பியரா சாந்தியை. முனையோரத்திலிருந்து கிளம்பி நுனி லேசாகப் பருத்தால் கோலோவினோமைசஸ். பூசணிக் குடும்பத்தில் இரண்டுமே வரும், ஒரே இலையில் கலந்தும் வரும். வெப்பமான சமவெளியில் சாந்தியைதான் அதிகம். கோலோவினோமைசஸ் என்று வந்தால் பழைய நூல்போல 'சிக்கோரேசியாரம்' என்று முடித்துவிடாதீர்கள். அந்தப் பெயரை இப்போது சூரியகாந்திக் குடும்பத்துச் செடிகளில் வருவதற்கு மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள். பேரினத்தோடு நிறுத்துங்கள்.

பூசணவியல்

உளுந்து பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். செடியின் பெயரைப் பார்த்துப் பூசணத்தின் பெயரை எழுதும் பழக்கம்தான் இந்தத் துறையில் அதிகக் கெடுதல் செய்கிறது.

எரிசிஃபே பாலிகோனி என்ற பெயர் ஒரு காலத்தில் பயறு, பட்டாணி, கொத்தமல்லி என்று எல்லாவற்றுக்கும் பொதுவாக ஓடியது. இன்று அது பாலிகோனேசியே குடும்பத்துச் செடிகளில் வருவதற்கு மட்டும். பட்டாணியில் பெரும்பாலும் எரிசிஃபே பைசை. உளுந்து, பாசிப்பயறில் சங்கிலியும் ஃபைப்ரோசினும் தெரிந்தால் அது பொடோஸ்பியரா சாந்தியைதான். தனிக் கொனிடியா தெரிந்தால் எரிசிஃபே. ஆஸ்திரேலியாவில் பாசிப்பயற்றிலிருந்து எரிசிஃபே விக்னே என்று புதிய சிற்றினத்தையே பிரித்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் உளுந்து லேபிள் மைக்ரோஸ்கோப் சொல்வதைப் பொறுத்தது. தக்காளியும் இப்படித்தான்: மேற்புறம் வெண்பொடி என்றால் சூடாய்டியம் நியோலைக்கோபெர்சிகை, அடிப்புறப் பொடியும் மேலே மஞ்சளும் என்றால் லெவெய்லுலா.

மறுபக்கமும் உண்டு. மாம்பூவை வெண்மையாக்கும் ஓயிடியம் மாஞ்சிஃபெரே, ரப்பர் மரத்தின் ஓயிடியம் ஹீவியே இரண்டும் தனித்தனிப் பூசணங்கள் என்றுதான் நெடுங்காலம் படித்தோம். 2006இல் வரிசைகளை ஒப்பிட்டபோது இவை ஓக் மரத்துச் சாம்பல் பூசணங்களோடு சேர்ந்தன; அடுத்த ஆண்டு எரிசிஃபே குவெர்சிகோலா என்ற பெயர் வந்தது. மாவில் எரிசிஃபே ஆல்ஃபிட்டாய்டிஸ் கூட்டத்தைச் சேர்ந்ததும் பதிவாகியிருக்கிறது. ஒரே பூசணம், உறவே இல்லாத மூன்று மரங்கள்.

டிஎன்ஏ எடுப்பதானால் இலையை அரைக்காதீர்கள். பொடியை மட்டும் ஒட்டுநாடாவிலோ தூரிகையிலோ எடுங்கள். பொதுப் பூசண பிரைமர்கள் (டிஎன்ஏவைப் பெருக்கத் தொடங்கிவைக்கும் சிறு துண்டுகள்) கண்ட பூசணத்தையும் பெருக்கிவிடும், ஆம்பெலோமைசஸ் உட்பட. இந்தக் குடும்பத்துக்கென்றே பிஎம்5, பிஎம்6, பிஎம்ஐடிஎஸ்1, பிஎம்ஐடிஎஸ்2 பிரைமர்கள் இருக்கின்றன. ஐடிஎஸ் பகுதி (ரைபோசோம் மரபணுக்களுக்கு இடையே உள்ள டிஎன்ஏ) பேரினத்தை நன்றாகச் சொல்லும், நெருங்கிய சிற்றினங்களைப் பல நேரம் பிரிக்காது. ஜீன்பேங்க் என்ற டிஎன்ஏ வரிசைத் தரவுத்தளத்தில் முதலில் வரும் பெயரை அப்படியே எழுதவும் கூடாது. பழைய பெயரிலும் தவறான பெயரிலும் ஏற்றிய வரிசைகள் அங்கே நிறைய. சான்று மாதிரியோடு வெளியான வரிசையைத் தேடி ஒப்பிடுங்கள்.

வயல்வரப்பு

மூன்றாவது கேள்விக்கு இன்னும் யாரும் வரவில்லை. வயலில் பணம் வீணாவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெள்ளரி அடிச்சாம்பல் நோயை உண்டாக்கும் சூடோபெரோனோஸ்போரா கியூபென்சிஸ், திராட்சையின் பிளாஸ்மோபாரா விட்டிகோலா இரண்டும் ஊமைசீட்கள். பூஞ்சை உலகத்திலேயே சேராதவை. பழுப்புப் பாசி, டையட்டம் வரிசையின் உறவினர்கள். செல்சுவரில் கைட்டினுக்குப் பதிலாக முக்கியமாகச் செல்லுலோஸும் பீட்டா குளுக்கனும். இழையில் குறுக்குச்சுவர் கிடையாது. கடுகில் வெண்கொப்புளம் போடும் அல்புகோவும் இந்தப் பக்கம்தான்.

இது தேர்வுக்கான செய்தி மட்டும் அல்ல. ஹெக்சகோனசோல், மைக்ளோபியூட்டனில் போன்ற டிரையசோல்கள் பூஞ்சையின் எர்கோஸ்டிரால் தயாரிப்பை அடைக்கின்றன. ஊமைசீட்கள் அந்தத் தயாரிப்பையே செய்வதில்லை, ஆகவே அடிச்சாம்பலுக்கு டிரையசோல் தெளித்தால் பலன் இல்லை. கார்பண்டசிமும் அப்படியே. திருப்பிப் பார்த்தால், மெட்டலாக்சில் ஊமைசீட்களின் ஆர்என்ஏ பாலிமரேஸைத் தாக்குகிறது. சாம்பல் நோய்க்கு அது ஒன்றும் செய்யாது. அசாக்சிஸ்ட்ரோபின் இரண்டு பக்கமும் வேலை செய்யும். ஆனால் திராட்சை, பூசணிக் குடும்பச் சாம்பல் பூசணங்களில் ஒரே ஒரு மரபணு மாற்றத்தால் (ஜி143ஏ) எதிர்ப்பு வந்துவிடுகிறது, அதனால் அதையே அடுத்தடுத்து அடிக்கக் கூடாது. எரிசிஃபேசியேயை மட்டும் தாக்கும் மருந்தும் உண்டு: புபிரிமேட். துருவுக்கோ அடிச்சாம்பலுக்கோ அதை வாங்குவது வீண்.

துரு பேசிடியோமைக்கோட்டா தொகுதி, பக்சினியோமைசீட்ஸ் வகுப்பு. கரிப்பூட்டையும் அதே தொகுதிதான், வகுப்பு வேறு. இரண்டும் உண்மைப் பூஞ்சைகள் என்பதால் டிரையசோல் துருவில் நன்றாகக் கேட்கும்.

இலையில் வேறுபாடு: வெள்ளரி அடிச்சாம்பலில் நரம்புகளுக்கு இடையே கோணம் கோணமாக மஞ்சள் புள்ளி, அதற்கு நேர் கீழே காலை ஈரத்தில் சாம்பல்-ஊதா வளர்ச்சி. விரலால் துடைத்தால் வெண்பொடி ஒட்டாது. மைக்ரோஸ்கோப்பில் மரம்போல் கிளைத்த காம்பு, நுனியில் எலுமிச்சை வடிவப் பைகள். இலை மணிக்கணக்கில் நனைந்திருந்தால்தான் இது தொற்றும். சாம்பல் நோய்க்கு நனைய வேண்டியதே இல்லை, ஈரக்காற்றே போதும்.

சாம்பல் நோய்க்குள்ளேயும் பேரினம் பார்த்துத் தெளிக்க வேண்டும். எரிசிஃபே, பொடோஸ்பியரா இலைக்கு வெளியே படர்வதால் நனையும் கந்தகம் (80%) லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் நன்றாகவே கேட்கும். மிளகாய் லெவெய்லுலா உள்ளே இருப்பதால் கந்தகம் வந்த நோயை அழிக்காது, புதிய தொற்றைத்தான் தடுக்கும். மஞ்சள் தெரிவதற்கு முன்பே தொடங்கி அடிப்புறம் நனையத் தெளிக்க வேண்டும்; தாமதமானால் ஊடுருவும் மருந்து, லேபிள் அளவில். வெயில் 32 டிகிரிக்கு மேல் போகும்போது கந்தகம் இலையைக் கருக்கும். பூசணிக் குடும்பம், அதிலும் முலாம்பழம், எளிதில் கருகும். எண்ணெய்த் தெளிப்புக்கும் கந்தகத்துக்கும் இடையே இரண்டு வாரமாவது விடுங்கள்.

இலைநரம்பு

அப்படியென்றால் லேபிளில் எந்த அளவுக்கு உறுதியாக எழுதலாம்?

கண்ணாடித்தகடு

பார்த்த அளவுக்குத்தான். திராட்சைக்கு: எரிசிஃபே நெகேட்டர் ஷ்வைனிட்ஸ், அடுத்த வரியில் 'பழைய பெயர்: அன்சினுலா நெகேட்டர்'. மிளகாய்க்கு லெவெய்லுலா டாரிகா. பூசணிக்கு முளைக்குழாய்ச் சோதனை கைகொடுத்தால் பொடோஸ்பியரா சாந்தியை, 'பழைய நூல்களில் ஸ்பெரோதீக்கா ஃபுலிஜினியா'. உளுந்துக்குத் தனிக் கொனிடியா வந்தால் 'எரிசிஃபே, சிற்றினம் உறுதியாகவில்லை, கொனிடியா நிலை மட்டும்' என்று எழுதுவதே சரி. மல்பெரிக்குப் பழைய நூல் ஃபில்லாக்டினியா கோரிலியா என்னும். இப்போது மல்பெரியில் வருவதை ஃபில்லாக்டினியா மோரிகோலா என்று பிரிக்கிறார்கள்.

செடியின் முழு அறிவியல் பெயர், ரகம், ஊர், கடல்மட்ட உயரம், பறித்த தேதி, இலையின் எந்தப் புறம், கொனிடியாவின் அளவு, ஃபைப்ரோசின் உண்டா இல்லையா, இவை அனைத்தும் லேபிளில் இருக்கட்டும். இலை உலர்ந்த பின் ஃபைப்ரோசினைத் திரும்பச் சரிபார்க்க முடியாது. ஆகவே புதிய இலையில் பார்த்த தேதியோடு எழுதி, முடிந்தால் படத்தையும் ஒட்டுங்கள். இலையைத் தாளில் பசைபோட்டு ஒட்டாமல் மடித்த காகித உறையில் வையுங்கள். மை உறிஞ்சும் தாளுக்கு இடையே, தாளைத் தினமும் மாற்றி உலர்த்தினால் நிறம் நிற்கும். உலர்ந்ததும் ஒரு வாரம் மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் புழு விழாது.

பிறகு யாராவது அந்த உலர்ந்த இலையைப் பார்க்க வேண்டுமானால், சிறு துண்டை லாக்டிக் அமிலச் சொட்டில் பூசணப் புறம் கீழாக வைத்து, கொதிக்க விடாமல் லேசாகச் சூடாக்கினால் சுருங்கிய கொனிடியா மீண்டும் உப்பி வடிவத்துக்கு வரும். அளவும் காம்பின் அமைப்பும் அதில் நன்றாகவே எடுக்கலாம்.

இலைநரம்பு

நன்றி. பூசணிக்கு வெங்காயத் தோலை இன்றே ஆல்கஹாலில் போடுகிறேன். உளுந்து தட்டைக் கழித்துவிட்டு, புதிய இலையில் 3% கரைசலோடு திரும்பப் பார்த்து அளவுகளை இங்கே பதிகிறேன்.

வயல்வரப்பு

உளுந்து இலையை நெல் தரிசு வயலில் பனிக்காலத்தில், கீழ் இலைகளில் முதல் புள்ளி விழும் நேரத்திலேயே எடுங்கள். ஒரே வயலில் நாலைந்து இடங்களில் எடுத்துத் தனித்தனி உறையில் வையுங்கள், இரண்டு பேரினமும் கலந்திருக்க வாய்ப்புண்டு.